ஆறாயிரம் பேரும் மருந்து சாப்பிட்டார்களா?

பல் டாக்டருக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்தால் ஒரு வசதி உண்டு. கீழே ‘ர்ர்ர்’ என்று பல்லைக் குடையும் சத்தம் கேட்டதும், மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்காமலே உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அன்று காலை பத்தரை மணிக்கு வந்தவளுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை.

“நான் எதையும் போட்டுக்கல சார். தலைவலி மாத்திரையைக்கூட டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுவேன்” என்றாள்.

அவளைத் தெரியாதவர்கள் நாட்டில் கிடையாது. மாரத்தான் ஓட்டக்காரி. நீளமான கால்களுக்காக ஜனங்கள் ஆசையாக வைத்த பெயர் கொக்கு. இரண்டு வாரத்துக்கு முன் நகர மாரத்தானில் நாட்டின் பழைய சாதனையை முப்பத்தெட்டு வினாடி வித்தியாசத்தில் உடைத்தாள். அன்று மாலை வரை தலையில் வைத்து ஆடினார்கள். மறுநாள் காலையில் அதே ஜனங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள். இப்போது அவள் பெயர் ‘ஊசி’.

காரணம் போன வருஷத்துச் சாம்பியன். பதினோரு பரிசோதனைகளில் சுத்தம் என்று தேறி, பன்னிரண்டாவதில் ஊக்கமருந்தோடு மாட்டினான். அவனைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஜனங்கள் இப்போது இவளைக் கண்ணை மூடிக்கொண்டு சந்தேகப்பட்டார்கள். இரண்டு தடவையும் கண் மூடித்தான் இருந்தது. அவனை வைத்து ஷூ விற்ற கம்பெனி மறுநாளே அவன் படங்களைக் கிழித்துவிட்டு, அதே ஆணிகளில் இவள் படத்தை மாட்டியது.

“பரிசோதனை ரிசல்ட் வந்துட்டா எல்லாம் சரியாயிடாதா?” என்று பட்டாசு கேட்டான்.

பட்டாசு அந்த அலுவலகத்தின் உதவியாளன். நாற்பத்தொரு வயது, முன்னால் ஒரு தொப்பை, முன்பு கல்யாண ஃபோட்டோகிராஃபர். வாய் ஓயாது; பெயர் அதனால் வந்தது. அவன் அக்காவைக் கட்டியவர்தான் முதலாளி.

“வந்தாலும், ‘இன்னும் மாட்டல’ன்னுதான் சொல்லுவாங்க” என்றாள் கொக்கு. “அவனும் பதினோரு தடவ சுத்தம்தானே? நானே வெளியே வந்து பேசலாம்னா, கம்பெனியைக் கேக்காம வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். என் பொண்ணு ரெண்டாவது படிக்கிறா சார். நேத்து ராத்திரி என் கையைத் தடவிப் பார்த்து, ‘ஊசி வலிச்சுதாம்மா?’ன்னு கேட்டா. திட்டக்கூட இல்ல. பாவமா கேட்டா. அவளே நம்பிட்டா.”

பட்டாசு தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினான்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் மீட்டர் சார். மின்வாரியத்தில் பதினெட்டு வருஷம் மீட்டரில் திருட்டுத்தனம் செய்பவர்களைப் பிடித்தவர். காந்தம் வைப்பவன், கம்பியை வளைப்பவன், மீட்டரையே தலைகீழாக மாட்டுபவன் என்று எல்லா வித்தையும் பார்த்தவர். முந்தின நாள்தான் ஷூ கம்பெனியின் விளம்பர மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, வதந்தியைக் கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தான்.

“வதந்தி எதை வெச்சும்மா ஆரம்பிச்சுது?” என்று கேட்டார்.

“அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு தடவ ரோட்டுல ரப்பர் பாய் போட்டிருப்பாங்க சார். ஷூவுல கட்டின சில்லு அதைத் தாண்டும்போது நேரம் பதிவாயிடும். எனக்கு எல்லா அஞ்சுலயும் பதினேழு நிமிஷம். ஆறாவது அஞ்சுல மட்டும், அதாவது இருபத்தஞ்சுல இருந்து முப்பது வரைக்கும், பதினஞ்சு நிமிஷம் அம்பத்தொம்பது வினாடி. மனுஷப் பிறவி திடீர்னு அப்படி ஓட முடியாதுங்கறாங்க.”

“ஓட முடியுமா?”

“முடியாது சார்” என்றாள் கொக்கு. “அதான் எனக்கே பயமா இருக்கு.”

மூன்று மணிக்கு அவள் கம்பெனியின் விழா மேடையில் நிற்க வேண்டும். புது ஷூ வெளியீடு. உடைந்த வினாடிகளின் நினைவாக அதன் பெயர் ‘முப்பத்தெட்டு’. மேக்கப் போட ஆள் காத்திருப்பதாக அவள் எழுந்து போனாள்.

“முப்பத்தெட்டுல நாப்பதாம் நம்பர் குடுங்கன்னு கேட்டா கடைக்காரன் மயக்கம் போட்டுருவான்” என்றான் பட்டாசு.

மீட்டர் சார் சிரிக்கவில்லை. அவர் பார்வை சுவரில் இருந்தது. அங்கே கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் தொங்கியது. அதே மாரத்தானை பட்டாசும் ஓடியிருந்தான். ஐந்து மணி முப்பத்தொன்பது நிமிஷம். போன வருஷத்தைவிட ஒரு நிமிஷம் குறைவு. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவன் இரண்டு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“மாப்ள, உன்னோட ஆறாவது அஞ்சு எவ்வளவு?”

பட்டாசு குஷியாக ஃபோனை எடுத்தான். “அஞ்சாவது நாப்பத்திரண்டரை நிமிஷம், ஏழாவது நாப்பத்திமூணு. நடுவுல ஆறாவது பாருங்க மாமா, நாப்பதே நிமிஷம்! அங்கதான் நான் சூடு பிடிச்சேன்.”

“அங்க என்ன பண்ணினே?”

“முட்டி வலிச்சுது. கொஞ்சம் நடந்தேன். நடந்துக்கிட்டே ஒரு வாழைப்பழம் சாப்…”

நிறுத்திக்கொண்டான். கீழே பல் டாக்டரின் இயந்திரமும் அதே நொடியில் நின்றது.

“நடந்து, வாழைப்பழம் சாப்பிட்டு, சூடு பிடிச்சே” என்றார் மீட்டர் சார். “நல்ல மருந்து. பேரு என்ன?”

அதற்குள் அவர் மாரத்தானின் முடிவுப் பட்டியலை மேசையில் பரப்பியிருந்தார். கரடி வேஷம் போட்டு ஓடிய ஒருத்தன், ஐம்பது நிமிஷத்துக்குப் பதில் நாற்பத்தேழு. கடைசியாக வந்த பெரியவர், ஒரு மணி நேரத்துக்குப் பதில் ஐம்பத்தாறரை. யாரை எடுத்தாலும் நூற்றுக்கு ஆறு பங்கு நேரம் மிச்சம்.

“இதான் விஷயம். மருந்துன்னா ஒருத்தனுக்குக் கேக்கும், ஒருத்தனுக்குக் கேக்காது. ஒரே தெருவுல எல்லா வீட்டு மீட்டரும் நூத்துக்கு ஆறு குறைவா ஓடினா, வீட்டுக்காரங்களைச் சந்தேகப்படக் கூடாது மாப்ள. லைன்ல கோளாறு.”

“ரெண்டாவது, மூணாவது வந்தவங்களுக்கும் குறைஞ்சிருக்கே. யாரும் பார்க்கலியா?”

“பார்த்தாங்க. அவங்களுக்கும் ஊசின்னாங்க. நாலாவது பேரைப் படிக்கிறதுக்குள்ள ஜனங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. கோபம் வந்தவன் பட்டியலை முழுசா படிக்க மாட்டான்.” மீட்டர் சார் பென்சிலால் பெருக்கினார். “அஞ்சாயிரம் மீட்டர்ல நூத்துக்கு ஆறு. முந்நூறு மீட்டர். ரோடு முந்நூறு மீட்டர் குட்டையா இருந்திருக்கு. ஆமா, உன் கைக்கடிகாரம் தூரம் காட்டுமே, அது என்ன சொல்லுச்சு?”

பட்டாசு தலையைச் சொறிந்தான். “நாப்பத்திரண்டு புள்ளி ரெண்டு வரணும். நாப்பத்தொண்ணு புள்ளி ஒன்பதுன்னு காட்டுச்சு. வாட்ச் வித்தவனைத் திட்டினேன்.”

“ஆறாயிரம் பேர் ஓடியிருக்கீங்க. ஆறாயிரம் வாட்ச்.”

“சொந்தச் சாதனை பண்ணினவன் எவனாவது ரோட்டைச் சந்தேகப்படுவானா மாமா?”

பன்னிரண்டு மணிக்கு சர்வேயரம்மா வீட்டில் இருந்தார்கள். ஓய்வுபெற்ற நில அளவைக்காரி. இப்போது மாரத்தான் பாதைகளை அளந்து சான்று கொடுப்பவர். வரவேற்பறை நடுவே, சோபாவைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, ஒரு சைக்கிள் நின்றது.

“அளக்கறது இதுலதான்” என்று சீட்டைத் தட்டினார் அவர்.

“இதுலயா? கார்ல போனாலே மீட்டர் காட்டுமேம்மா” என்றான் பட்டாசு.

“கார் மீட்டரை நம்பி வீட்டுக்குப் போகலாம் தம்பி. சாதனைக்குப் போக முடியாது.”

முன்சக்கர அச்சில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அதன் எண் இருபது ஏறும். முதலில் நேரான ரோட்டில் இரும்பு நாடாவால் முந்நூறு மீட்டர் அளந்து குறித்து, அதன்மேல் நாலு தடவை சைக்கிளை ஓட்டி, முந்நூறு மீட்டருக்கு எத்தனை எண் என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் பாதை. முடிந்ததும் மறுபடி அதே முந்நூறு. வெயில் ஏறினால் டயர் காற்று விரிந்து சக்கரம் ஒரு முடியளவு பெரிதாகிவிடும். அதையும் கழிக்க வேண்டும். மீட்டர் சார், இனிப்புக் கடைக்கு வந்த குழந்தை மாதிரி சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“வளைவுல ஒரு மனுஷன் எவ்வளவு ஒட்டி ஓட முடியுமோ அவ்வளவு ஒட்டி ஓட்டுவேன். எல்லாம் முடிஞ்சப்புறம் ஆயிரத்துக்கு ஒரு மீட்டர் சேர்த்துப் போடுவேன்.”

“கொசுறா?” என்றான் பட்டாசு.

“கொசுறேதான். பாதை கூடிப்போனா பாதகமில்ல. ஒரு மீட்டர் குறைஞ்சாலும் சாதனை செல்லாது.”

“முந்நூறு குறைஞ்சா?” என்று மீட்டர் சார் மெதுவாகக் கேட்டார்.

சர்வேயரம்மாவின் முகம் இறுகியது. உள்ளே போய் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் நடுவில் ஒரே ஒரு இடம்தான் இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும். ஆற்றோரச் சாலை. ஓடுகிறவர்கள் நேராகப் போய், ரோட்டில் வைத்த ஒரு பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றி, வந்த வழியே திரும்ப வேண்டும்.

“திருப்பம் விளக்குக் கம்பம் நூத்திப் பத்தொன்பதுல. தார்ல ஆணி அடிச்சு வெச்சிருக்கேன். யாரும் பிடுங்க முடியாது.”

“பந்தயத்தன்னிக்கு அங்க கூம்பு இருந்ததைப் பார்த்தீங்களா?”

“எப்படிப் பார்க்கறது? எனக்குப் பாஸ் தரல. ஷூ கம்பெனி விருந்தாளிங்களுக்கே முன்னால போற வண்டியில இடம் பத்தலைன்னுட்டாங்க. பாதையை அளந்தவளுக்கு இடமில்ல. பாதையில டான்ஸ் ஆடினவங்களுக்கு இடம் இருந்துச்சு.”

ஒரு மணி வெயிலில் இருவரும் கம்பம் நூற்றுப் பத்தொன்பதின் கீழ் நின்றார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் தலைக்கு மேல் ஒரு தகரத்தில் எண் எழுதியிருந்தது. ஆணி அடித்த இடத்தில் அப்படியே இருந்தது. பின்னால் கழிவுநீர் ஏற்றும் நிலையம். அதன் இரும்பு வாயில் வழியாக ஊரின் மொத்தக் கழிவும் தன் இருப்பைத் தெரிவித்துக்கொண்டிருந்தது.

பட்டாசு கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினான். “ஐயோ! இங்க நின்னு எவனாவது…” கைக்குட்டையை எடுத்தான். “மாமா, கூம்பைச் சுத்தும்போதுதான் நான் வாழைப்பழத்தை உரிச்சேன். நல்லா ரசிச்சுச் சாப்பிட்டேன். சத்தியமா இந்த நாத்தம் அடிக்கவே இல்ல!”

மீட்டர் சார் அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார். அது அவர் தரும் பதக்கம்.

“கம்பத்துக்குக் கம்பம் முப்பது மீட்டர். போறப்போ நூத்தம்பது, வர்றப்போ நூத்தம்பது குறையணும். அஞ்சு கம்பம் பின்னால வா.”

கம்பம் நூற்றுப் பதினான்கு. பின்னால் ஆறு பளபளத்தது. அக்கரையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். காற்று சுத்தம். விளம்பரப் படம் எடுக்கவென்றே கடவுள் செய்து வைத்த மாதிரி இடம்.

“ஷூவுக்குப் பின்னால சாக்கடை தெரியக் கூடாதுன்னு கூம்பை நகர்த்தியிருக்காங்க” என்றான் பட்டாசு.

“தெரியுது. ஆனா கூம்பைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. உன் மூக்கைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாது. ரோட்டுல இனி ஒண்ணும் மிச்சமில்ல. நகர்த்தின ஆள் வாயில ஏதாவது மிச்சமிருக்கான்னு பார்ப்போம்.”

விழா அரங்கத்தின் பக்கவாட்டு நடையில் மேனேஜர் அவர்களைப் பிடித்துக்கொண்டான். அவன் சட்டை, பல், ஷூ மூன்றும் ஒரே வெள்ளை. மணி இரண்டே முக்கால். திரைக்கு அப்பால் பத்திரிகைக்காரர்கள் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“யாரு சார் வதந்தியைக் கிளப்பினது? போட்டிக் கம்பெனிதானே?”

“நீங்கதான்” என்றார் மீட்டர் சார். “கூம்பை நூத்திப் பதினாலுக்கு நகர்த்தினப்போ.”

மேனேஜர் ஒரு நொடி மட்டும் திகைத்தான். பிறகு சலித்துக்கொண்டான். “நாப்பத்திரண்டு கிலோமீட்டர்ல நூத்தம்பது மீட்டர்! அது ஒரு தூரமா சார்?”

“முந்நூறு. போனவங்க திரும்பி வரணும் இல்லையா?”

“அது… மறுநாள்தான் புரிஞ்சுது” என்று மேனேஜர் குரலைத் தாழ்த்தினான். “அதுக்குள்ள ‘முப்பத்தெட்டு’ன்னு நாப்பதாயிரம் பெட்டி அச்சுக்குப் போயாச்சு. நான் என்ன பண்றது? விசாரிக்கிற மாதிரியும் இருக்கணும், ஒண்ணும் வெளியே வரவும் கூடாது. உண்மையைச் சொல்லணும்னா சார், நீங்க கண்டுபிடிக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் உங்களைக் கூப்பிட்டேன். கரன்ட் மீட்டர் பார்த்தவரு, கூட ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபரு…”

“இந்த ஊர்ல எங்களை முழுசா நம்பின ஒரே ஆள் நீங்கதான் சார். அதுவும் தப்பாப் போச்சு” என்றான் பட்டாசு.

“நிரூபிங்க பார்ப்போம். கூம்பு இல்ல, வீடியோ எங்ககிட்ட. பரிசோதனை ரிசல்ட் சுத்தமா வரும், ரெண்டு மாசத்துல ஜனங்க மறந்துடுவாங்க.”

பட்டாசு திரை இடுக்கு வழியாக மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடைக்குப் பின்னால் ஆறு மீட்டர் உயரத்துக்கு ஒரு படம்: கூம்பைச் சுற்றித் திரும்பும் கொக்கு, காற்றில் எழும்பிய காலில் ‘முப்பத்தெட்டு’ ஷூ. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வியர்வையை முத்தாக்கியிருந்தார்கள். மற்ற கம்பெனிகளின் போர்டுகளைத் துடைத்திருந்தார்கள். ஆனால் கல்யாண ஃபோட்டோ எடுத்தவன் கண் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முகத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கும். மாப்பிள்ளை தலையிலிருந்து ஒரு கம்பம் முளைத்திருந்தால் ஆல்பமே போச்சு.

“சார், பெண்ணோட தலையில கம்பம் முளைச்சிருக்கே. யாரு எடுத்த படம்?”

மேனேஜர் திரும்பிப் பார்த்தான். கொக்கின் கொண்டைக்கு நேர் மேலே விளக்குக் கம்பம். கம்பத்தில் தகரம். தகரத்தில், கடைசி வரிசையில் இருப்பவனும் படிக்கும்படி, 114.

“நுணலும் தன் வாயால் கெடும்னு படிச்சிருக்கேன்” என்றான் பட்டாசு. “ஆறு மீட்டர் உயரத்துக்கு வாயைத் திறந்த நுணலை இப்பத்தான் பார்க்கறேன்.”

“அதை மறைங்கடா!” என்று மேனேஜர் கத்த வாயெடுத்தான். முடியவில்லை. மேக்கப் அறை வாசலில் கொக்கு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, பவுடர் பூசிய முகத்தில் கண்கள் மட்டும் பூச்சில்லாமல் இருந்தன.

மீட்டர் சார் ஆணி, கம்பம், கரடி வரைக்கும் உள்ள முடிவுப் பட்டியல் என்று எல்லாவற்றையும் சுருக்கமாக விளக்கிவிட்டு, அவளிடம் நேராகச் சொன்னார். “அம்மா, இது வெளியே வந்தா ஊசிங்கற பேரு இன்னிக்கே போயிடும். ஆனா சாதனையும் கூடவே போயிடும். பாதை சரியா இருந்திருந்தா உங்களுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகியிருக்கும். பழைய சாதனைக்கு இருபத்துமூணு வினாடி பின்னால. ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும். எதுன்னு நான் சொல்ல முடியாது.”

“யோசிம்மா!” என்று மேனேஜர் குறுக்கே பாய்ந்தான். “சந்தேகம் ஆறிடும். சாதனை போனா வராது. நாங்க உன்னைக் கைவிட மாட்டோம்.”

“போன வருஷம் அவன்கிட்டயும் இதேதான் சொன்னீங்களா?” என்று கேட்டாள் கொக்கு. அப்புறம் இன்னொன்றும் கேட்டாள். “மறுநாளே தெரியும்னீங்களே. அப்ப, பதினாலு நாளா தெரியும்?”

மேனேஜர் தன் வெள்ளை ஷூவைப் பார்த்தான்.

“என் பொண்ணு என் கையில ஊசிக்குத்தைத் தேடிட்டு இருந்தப்போ உங்களுக்குத் தெரியும்.”

அவள் திரையை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள். கைதட்டல் அரைமனதாக எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன் ‘ஊசி’ என்றான். கொக்கு மைக்கைப் பிடித்தாள்.

“இன்னிக்கு ஒப்பந்தத்தை மீறிப் பேசப் போறேன். எனக்குப் பின்னால இருக்கிற கம்பத்தோட நம்பரைப் படிங்க. யாராவது சத்தமாப் படிங்க.”

“நூத்திப் பதினாலு” என்றது அதே பின்வரிசைக் குரல்.

“திரும்ப வேண்டிய கம்பம் நூத்திப் பத்தொன்பது. அங்க ஆணி இருக்கு, போய்ப் பாருங்க. அப்புறம் முடிவுப் பட்டியலை எடுத்து, மூணாவது பேரோட நிறுத்தாம, கடைசிப் பேரு வரைக்கும் படிங்க. அன்னிக்கு ஆறாயிரம் பேரும் வேகமா ஓடியிருக்கோம். கரடி உட்பட.”

பிறகு ஐம்பது ஃபோன்கள் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் அரங்கமே. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு கரடி மூடிவிட்டது.

முன்வரிசை நிருபர் எழுந்தார். “அப்ப உங்க சாதனை?”

“அது இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கு” என்றாள் கொக்கு. “ஓடித்தான் எடுக்கணும்.”

இந்தத் தடவை கைதட்டல் முழுமனதாக வந்தது. அவள் படியிறங்கி, நடந்துகொண்டே வீட்டுக்கு ஃபோன் போட்டாள். பட்டாசுக்குக் கேட்டது ஒரே வரிதான்: “இல்லடா கண்ணு, வலிக்கல. ஊசியே போடல.”

மாலையில் அலுவலகம் திரும்பியதும் பட்டாசு நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்த சான்றிதழைக் கழற்றினான். இரண்டரை நிமிஷம் கூட்டிப் பார்த்தான். போன வருஷத்தைவிட ஒன்றரை நிமிஷம் அதிகம்.

“வருத்தமா மாப்ள?” என்றார் மீட்டர் சார்.

“எனக்கும் முந்நூறு மீட்டர் பாக்கி மாமா.” பட்டாசு சான்றிதழைத் திருப்பி, முதுகு வெளியே தெரியும்படி மாட்டினான். “அவங்க ஓடி முடிக்கட்டும். நான் பஸ்ல போய் முடிச்சுக்கறேன்.”